கினிபிக் சாப்பிடாமல் படுத்துவிட்டால்: கிரிட்டிக்கல் கெயார் தூள் எப்படி?

கினிபிக் வளர்க்கிற யாராவது என்னிடம் வந்து, வீட்டில் கட்டாயம் வாங்கி வைக்கவேண்டிய சாமான் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், நான் சொல்வது ஒக்ஸ்போ கம்பனியின் கிரிட்டிக்கல் கெயார் தூளைத்தான். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக் கம்பனி. முயல், கினிபிக் மாதிரிப் புல் தின்னும் சிறு பிராணிகள் வருத்தம் வந்து சாப்பிடாமல் கிடக்கும்போது வெந்நீரில் கரைத்து சிரிஞ்சால் ஊட்டுவதற்கென்றே செய்த உணவு அது. எங்கள் கினிபிக் கச்சானுக்கு வயிறு கெட்டபோது அதை வைத்துத்தான் அவனைத் தேற்றினோம். கொழும்பில் கினிபிக் வளர்ப்பவர்கள் முன்னைவிட இப்போது கூடியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மருந்து இல்லை, சாப்பாடு. பாடசாலை விட்டு வந்து பார்க்கும் பிள்ளைகள் "கச்சான் சாப்பிடுறான் இல்லை" என்று சொன்னால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போகவேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது. நாய், பூனை ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் சமாளித்துவிடும். கினிபிக்கின் குடல் அப்படி இல்லை. எந்நேரமும் நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது அசையும். அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது, அதில் இருக்கும் நல்ல பக்டீரியாக்கள்தான் புல்லை நொதிக்கவைத்துச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. சாப்பாடு நின்றால் குடல் மெதுவாகும், மெதுவானால் வாயு சேரும், வாயு சேர்ந்தால் வலி, வலி வந்தால் இன்னும் சாப்பிடாது. 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே அவசரம் என்றுதான் எடுக்கவேண்டும். போதாக்குறைக்கு இவைகளால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது கீழேதான் போகவேண்டும்.

கச்சானுக்கு வந்ததும் இதுதான். புழுக்கை சிறுத்துக் காய்ந்து, ஒரு முனை கூராகி, அப்புறம் வருவதே குறைந்துவிட்டது. ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டாலே கீச்சிடுகிறவன், கொத்தமல்லித் தழையை மூக்கருகில் பிடித்தும் திரும்பவில்லை. உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மயிர் சிலிர்த்துப்போய் மூலையில் இருந்தான். வயிற்றைத் தொட்டால் பல்லைக் கடிக்கும் மெல்லிய சத்தம் கேட்கும், அது வலியின் அடையாளம். இந்த நாலையும் யாரும் பார்த்து வைத்துக்கொள்ளலாம், சமையலறைத் தராசும் கூட இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த கினிபிக் 700 கிராமிலிருந்து 1200 கிராம் வரை இருக்கும். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வைத்திருந்தால், 50 கிராம் குறையும்போதே தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தால் அந்த மயிருக்குள் எதுவும் தெரியாது.

நாங்கள் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) நாய்களும் பூனைகளும்தான் வரிசையில் இருந்தன, கினிபிக் பார்ப்பதில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அது எனக்குக் கோபம்தான், ஆனாலும் தெரியாமல் ஏதோ ஊசி போடாமல் தெரியாது என்று சொன்னதே மேல். இரண்டாவது இடத்து டொக்டர் முயல், பறவை எல்லாம் பார்க்கிறவர். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிறைய நேரம் கேட்டார், விரலால் தட்டிப் பார்த்தார், முன்பல்லையும் உள்ளே கடைவாய்ப் பல்லையும் பார்த்தார், ஏனென்றால் கினிபிக்கின் பல் எல்லாம் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கைக் குத்தினாலும் சாப்பாடு நிற்கும். பிறகு எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே ஏன் முக்கியம் என்று அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன்: இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொண்டிருந்தாலோ, குடலில் அடைப்பு இருந்தாலோ, சிரிஞ்சால் ஊட்டக்கூடாது. ஊட்டினால் ஆபத்து. ஆகவே இந்தத் தூள் வீட்டில் இருக்கிறது என்பதற்காக, வயிறு பலூன் மாதிரி இறுகியிருக்கும் கினிபிக்குக்குக் கலக்கிக் கொடுத்துவிட வேண்டாம். டொக்டர் சரி என்ற பிறகுதான் சிரிஞ்ச்.

கச்சானுக்கு அடைப்பு இல்லை. வலிக்கு ஒரு மருந்து, குடல் அசைய ஒரு மருந்து, தோலுக்கடியில் சேலைன், அதோடு இந்தத் தூள்.

சரி, தூளுக்கு வருகிறேன். பையைத் திறந்ததும் காய்ந்த புல்லின் வாசம்தான் முதலில் வரும், அப்புறம் பெருஞ்சீரகம் மாதிரி ஒரு இனிப்பு வாசம். எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சுவைதான், அப்பிள் வாழைப்பழச் சுவையிலும் இருக்கிறது. முக்கியமான சரக்கு திமோத்திப் புல்லை அரைத்த தூள். விற்றமின் சி சேர்த்திருக்கிறார்கள், இது கினிபிக்குக்குப் பெரிய விஷயம், நம்மைப் போலவே அதன் உடம்பும் விற்றமின் சி தயாரிக்காது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 30 மில்லிகிராம் வரை வேண்டும், வருத்தக்காரனுக்கு இன்னும் கூட.

ஒரு மேசைக்கரண்டி தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர். கை சுடாத சூடு போதும். கலக்கிவிட்டுக் கொஞ்சம் விட்டால் ஊறித் தடித்துக்கொள்ளும், தோசை மாப் பதத்துக்கு வந்ததும் சிரிஞ்சில் இழுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது. எங்களுக்குச் சொன்ன கணக்கு, கரைத்ததில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் அளவில், அதை நாலு ஐந்து வேளையாகப் பிரித்து. உங்கள் பிராணிக்கு உங்கள் டொக்டர் சொல்லும் கணக்குத்தான் கணக்கு. கலக்கி மிஞ்சியதை எடுத்து வைக்காமல் ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கலக்குவது நல்லது, இந்த ஊர்ச் சூட்டுக்கு எதுவும் கெதியில் புளித்துவிடும்.

சிரிஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சாதாரணத் தூளில் நார் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும், குடலைத் தள்ளுவது அதுதானே. அதனால் ஊசி மாட்டுகிற ஒடுங்கிய முனையுள்ள சிரிஞ்சில் அது வராது. வாய் அகன்ற சிரிஞ்ச் கேளுங்கள், அல்லது 1 மில்லி சிரிஞ்சின் முனையை வெட்டி, வெட்டிய ஓரத்தை நன்றாகத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், கூர் இருந்தால் முரசு கிழியும். மிக நைசாக அரைத்த வகை ஒன்றும் இதே பெயரில் வருகிறது, அது பெரும்பாலும் குழாய் வழியாக ஊட்டும் பிராணிகளுக்கு.

ஊட்டும் விதம்: துவாயில் சுற்றி மடியில் நிமிர்த்தி வைக்கவேண்டும், குழந்தைப் பிள்ளை மாதிரி மல்லாக்கப் போடவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே விட்டு, அரை மில்லி அளவு தள்ளிவிட்டு, மெல்லும்வரை காத்திருக்கவேண்டும். அவன் மெல்லுவது தாடையில் கை வைத்திருந்தால் தெரியும். விழுங்கிய பிறகு அடுத்தது. தங்கச்சி பிடித்துக்கொள்வாள், நான் ஊட்டுவேன், ஒரு வேளைக்கு அரை மணித்தியாலம் வரை போகும். முதல் நாள் தலையைத் திருப்பி, முன்காலால் சிரிஞ்சைத் தள்ளி, பாதியைத் துவாயில் துப்பினான். நாடியில் வழிந்ததை உடனே ஈரத் துணியால் துடைக்கவேண்டும், விட்டால் பச்சைச் சீமெந்தாக இறுகி மயிரோடு வரும். பிறகு ஒரு இரவு, சிரிஞ்ச் வாய்க்கு வர முதலே கழுத்தை நீட்டி முனையைக் கடித்து இழுத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு புழுக்கை வரத் தொடங்கியது, முதலில் சின்னச் சின்னதாக, அப்புறம் பழைய உருண்டையாக.

இந்த நாட்களில் வந்த ஆலோசனைகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் வரும். பக்கத்து வீட்டு அன்ரி, "பிள்ளை, கொஞ்சம் சோத்துக் கஞ்சி பருக்கிப் பாருங்கோவன், பாவம் வாய் செத்துப்போய்க் கிடக்குது" என்றார். அன்போடு சொன்னதுதான், ஆனால் கஞ்சி முழுக்க மாச்சத்து, இந்தக் குடலில் அது நொதித்து இன்னும் வாயுவைக் கூட்டும். தயிர் கொடு என்று இன்னொருவர். புல் மட்டும் தின்னும் பிராணிக்குப் பால் சாமானே சேராது. ஓமத் தண்ணீரும் வேண்டாம் என்று விட்டோம்.

எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துதானே, கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று நினைக்கலாம். தயவுசெய்து வேண்டாம். பென்சிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை கினிபிக்கின் குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களைக் கொன்றுவிடும், அந்த இடத்தில் குளொஸ்ற்றிடியம் என்ற கெட்ட பக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும், சில நாளில் பிராணி செத்துப்போகும். டொக்டர் நாய் பூனை மட்டுமே பார்க்கிறவராக இருந்தால், என்ன அன்ரிபயோற்றிக் எழுதுகிறீர்கள் என்று கேட்பதில் வெட்கப்படவே தேவையில்லை. தண்ணீராக வயிற்றோட்டம் போனாலும் இதே அவசரம்தான். மரக்கறி கூடிப்போய்ப் புழுக்கை கொஞ்சம் இளகுவது வேறு, பின்பக்கம் நனைந்து நாறுவது வேறு.

எங்களுக்கு வினை வந்தது சாப்பாட்டில் என்றுதான் டொக்டரும் சந்தேகப்பட்டார். அதற்குச் சற்று முன்னர் செல்லப்பிராணிக் கடை ஒன்றில், கினிபிக்குக்கு இதுதான் சாப்பாடு என்று அடித்துச் சொல்லி சூரியகாந்தி விதை, சோளம், கலர் கலர் பிஸ்கட் துண்டு எல்லாம் கலந்த பை ஒன்றைத் தந்துவிட்டிருந்தார்கள். அது பறவைக்கோ ஹம்ஸ்ரருக்கோ சரியாக இருக்கலாம். கினிபிக்கின் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்கவேண்டும். இறக்குமதியான திமோத்திப் புல் விலை கூட, எல்லா நேரமும் கிடைப்பதும் இல்லை. ஆனால் கினிப் புல் இந்த ஊரில் வெறும் வளவு எல்லாம் வளர்ந்து கிடக்கிறதே. வீதியோரப் புகையும் நாய் மூத்திரமும் படாத இடத்தில், மருந்து அடிக்காததாகப் பார்த்து அறுத்து, கழுவி, பச்சையாகவும் கொடுக்கலாம், வெயிலில் நன்றாகக் காயவைத்தும் வைக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று மணந்து பார்க்கவேண்டும். வல்லாரை, கொத்தமல்லி கொஞ்சம், பெல் பெப்பர் ஒரு துண்டு, கோவாவைக் குறைப்பது நல்லது. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்கார ஐயா ஒருவர் கரட் இலையை எங்களுக்கென்று எடுத்து வைப்பார், காசும் வாங்கமாட்டார்.

வெயிலையும் மறக்கவேண்டாம். இந்தப் பிராணிக்குச் சுகமான வெப்பநிலை 18 பாகை முதல் 24 பாகை வரை, கொழும்பில் பகலில் 30 பாகை சாதாரணம். மேல்மாடிக் குடியிருப்பின் பல்கனியில் கூண்டு வைத்திருப்பவர்கள் மத்தியானத்தில் உள்ளே எடுத்துவிடுங்கள், வருத்தம் தேறும் காலத்தில் கட்டாயம். சூடு ஏறினால் தின்பது குறையும், தின்பது குறைந்தால் திரும்பவும் அதே கதை.

இனிக் குறைகள். விலை கூட, இறக்குமதிச் சாமான் எல்லாமே இப்போது அப்படித்தான். அதோடு நினைத்த நேரத்தில் போய் வாங்கலாம் என்ற நிலை இல்லை. எங்களுக்கு டொக்டரே தன்னிடமிருந்ததில் கொஞ்சம் தந்துதான் முதல் இரவு ஓடியது, பிறகுதான் வெளியில் கேட்டு ஒரு பை எடுத்தோம். தூள் கையில் இல்லாத இரவுக்கு, வழக்கமாகக் கொடுக்கும் திமோத்திப் புல் பெலற்றை (புல்லை அரைத்து அழுத்திச் செய்த சிறு தீனித் துண்டு) வெந்நீரில் ஊறவைத்து மசித்து ஊட்டலாம் என்று டொக்டர் சொன்னார். ஆனால் சத்திலும் நாரிலும் அது இதற்கு ஈடாகாது, அவசரத்துக்கு மட்டும்தான்.

வாங்குகிறவர்களுக்கு: ஒரு கினிபிக்குக்கு 141 கிராம் பை போதும், முயலும் சேர்த்து நிறைய வளர்ப்பவர்களுக்குத்தான் 454 கிராம். காலாவதித் திகதியைப் பார்த்து எடுங்கள், பையை வெட்டித் தூளைச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து விற்கிற இடத்தில் வாங்கவேண்டாம், எப்போது திறந்தது என்று தெரியாது. திறந்த பிறகு காற்று போகாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பையின் வெளிப்பக்கத்தில் திறந்த திகதியையும், கினிபிக் பார்க்கிற டொக்டரின் போன் நம்பரையும் மார்க்கரால் எழுதிவிட்டால் இரவு 11 மணிக்குத் தேடி அலையத் தேவையில்லை.