லெய்ட்டன் பஸ்ஸர்ட் குட்டி ரயில்: சவாரி ஓகே, ஷெட்டுதான் மேட்டரே

முதல்லயே சொல்லிடறேன், மலை, அருவி, பள்ளத்தாக்குன்னு எதையாவது மனசுல வெச்சுக்கிட்டு இந்த ரயில்ல ஏறாதீங்க. பாதி தூரத்துக்கு வீடுங்களோட பின்பக்க வேலிய ஒட்டியேதான் போகும், கொடியில காயற துணி, பிள்ளைங்க குதிக்கிற டிராம்போலின், பார்பெக்யூ அடுப்பு எல்லாம் எட்டிப் புடிக்கலாம் போல இருக்கும். ஆனா பழைய எஞ்சின், ஸ்பேனர், கிரீஸ் வாசனைன்னா விட்டுட்டு நகர முடியாத ஆளுங்க நம்மள்ல சில பேரு இருக்கோம்ல, அவங்களுக்காகத்தான் இந்த ரிவியூ.

இடம் இங்கிலாந்துல பெட்ஃபோர்ட்ஷயர். லண்டன் யூஸ்டன்ல இருந்து லெய்ட்டன் பஸ்ஸர்டுக்கு நேரா ட்ரெயின் இருக்கு, ஆனா அந்த பெரிய ஸ்டேஷன் ஊருக்கு மேக்கால, நம்ம குட்டி ரயில் கிளம்பற பேஜஸ் பார்க் ஊருக்கு அந்தப் பக்கம், அதனால பஸ்ஸோ டாக்ஸியோ இல்லன்னா நல்ல நடையோ வேணும். வாரம் பூரா ஓடாது, சீசன்ல பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைதான், தேதி பாத்துட்டு கிளம்புங்க.

இந்த லைன் போட்ட கதையே சுவாரசியமானது. இந்த ஊரு மணல், உலோகத்த உருக்கி அச்சுல வார்க்கற வேலைக்குப் பேர் போனது, முதல் உலகப்போர் வந்ததும் பெல்ஜியத்துல இருந்து வர்ற மணல் நின்னுபோச்சு, உடனே இங்க தோண்டு தோண்டுன்னு தோண்டினாங்க, மணல் வண்டிங்க ஓடி ஓடி ரோடெல்லாம் நாசம். போர் முடிஞ்சதும் ரோட்டுல ஏத்தாதீங்கன்னு பிரச்சன வர, 1919ல ராணுவம் மிச்சம் வெச்ச தண்டவாளம், எஞ்சின் எல்லாத்தையும் வாங்கிப்போட்டு 2 அடி கேஜ்ல (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 2 அடிதான்) இந்த லைன போட்டுட்டாங்க. ஆரம்பத்துல ரெண்டு நீராவி எஞ்சின் வெச்சு ஓட்டிப் பாத்தாங்க, இந்த வளைவுக்கும் ஏத்தத்துக்கும் சரிப்பட்டு வரல, 1921லயே வித்துட்டு முழுசா பெட்ரோல் எஞ்சினுக்கு மாறிட்டாங்க. பெரிய ரயில்வே எல்லாம் இன்னும் கரிய அள்ளிப் போட்டுட்டு இருந்த காலம் அது, யோசிச்சுக்கோங்க. அப்புறம் 1967ல பொழுதுபோக்கு ஆர்வலருங்க கொஞ்ச பேரு உள்ள வந்தாங்க, வார நாள்ல மணல் ஓடும், சனி ஞாயிறு இவங்க விளையாட்டு. மணல் வண்டி நின்னுபோச்சு, இவங்க நிக்கல. இன்னிக்கு ஓட்டறது, கொடி காட்டறது, ரிப்பேர் பண்றது எல்லாம் சம்பளமில்லாத ஆளுங்கதான்.

சவாரி ஒரு பக்கம் 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஆனா அவசரமே கிடையாது. ஏத்தத்துல எஞ்சின் மூச்சு வாங்கறது காதுல விழும், தண்டவாளத்தோட ஒவ்வொரு ஜாயின்ட்டும் முதுகுக்குத் தெரியும், ஏன்னா இது மணல் தொட்டிக்காக போட்ட லைன், மனுஷனுக்காக இல்ல. எனக்கு ரொம்ப புடிச்சது ரோடு கிராஸிங்தான். ரயில் நிக்கும், ஒருத்தரு சிவப்புக் கொடியோட இறங்கி நடு ரோட்டுல போய் நிப்பாரு, ரெண்டு பக்கமும் காருங்க வரிசையா நிக்கும், அப்புறம் நம்ம எஞ்சின் ஒரு விசில் அடிச்சுட்டு ஆடி அசைஞ்சு கடக்கும். காருக்குள்ள உக்காந்திருக்கறவங்க மூஞ்சிய பாக்கணுமே, பாதி பேரு சிரிச்சுட்டு கை காட்றாங்க, மீதி பேரு வாட்ச்சப் பாக்கறாங்க.

இந்த லைனோட கடைசி ஸ்டேஷன் பேரு ஸ்டோன்ஹெஞ்ச் ஒர்க்ஸ். அந்த பெரிய கல்லுங்க நிக்கிற ஸ்டோன்ஹெஞ்ச் வேற கவுன்ட்டில இருக்கு சாமி, இது பழைய செங்கல் சூளை இருந்த இடம். ரயில் இங்க கொஞ்ச நேரம் நிக்கும், எல்லாரும் டீக்கு போவாங்க, நீங்க நேரா எஞ்சினுங்க பக்கம் போங்க.

இங்க வெச்சிருக்கற வண்டிங்கள்ல பாதிக்கு மேல ஒரு மாதிரி விசித்திர ஜாதி. சாலோனர்னு ஒண்ணு, 1877ல வேல்ஸ்ல கர்னார்ஃபன்ல டி விண்டன் கம்பெனி ஸ்லேட்டு குவாரிக்காக செஞ்சது, பாய்லர் படுத்திருக்காது, நிமிந்து நிக்கும். டீக்கடை பாய்லர தூக்கி ஒரு டிராலியில வெச்ச மாதிரியேதான் இருக்கு, சத்தியமா. அப்புறம் சிம்ப்ளெக்ஸ், பக்கத்து பெட்ஃபோர்ட்ல மோட்டார் ரெயில் கம்பெனி பண்ணது. போர்முனைக்குப் பக்கத்துல நீராவி எஞ்சின் போனா புகையும் நெருப்பும் எதிரிக்கு தூரத்துல இருந்தே தெரியும், அதனால பெட்ரோல்ல ஓடற மாதிரி 20 குதிரைத்திறன், 40 குதிரைத்திறன்னு ரெண்டு சைஸ்ல பண்ணாங்க, பெருசுல சிலதுக்கு இரும்புக் கவசம் வேற. டிரைவர் சீட்டு குறுக்கால இருக்கும், ரெண்டு திசையும் தலைய மட்டும் திருப்பினா போதும், வண்டிய திருப்ப வேண்டாம். கியர்பாக்ஸும் அப்படித்தான், முன்னாடி எத்தன கியரோ பின்னாடியும் அத்தன. சக்கரத்துக்கு பவர் செயின்ல போகுது. டிசைன் பண்ணவன் கைய குலுக்கணும் போல இருந்துச்சு.

சரி, எஞ்சினுங்கள நிறுத்தி ரிப்பேர் பண்ற ஷெட்டுக்கு வருவோம். நான் பொன்மலையில வளந்தவன், ஊட்டி ரயிலுக்கு புது நீராவி எஞ்சினையே கட்டுன ஒர்க்‌ஷாப் சங்கு சத்தத்துலதான் ஸ்கூலுக்கு கிளம்பறது, அதனால லேத்து, சுத்தியல், கட்டிங் ஆயில் வாசனை எல்லாம் புதுசு இல்ல. ஆனா இங்க கதவோரம் பெஞ்சுல ஒரு பெரியவர், வயசு எழுபதுக்கு மேல இருக்கும், ஒரு ஆக்சில் பேரிங்க கையால ஸ்க்ரேப் பண்ணிட்டு இருந்தாரு, அதப் பாத்து அப்படியே நின்னுட்டேன். ஆக்சில்ல மெல்லிசா நீல மை தடவறாரு, பேரிங்க வெச்சு லேசா ஆட்டி எடுக்கறாரு, மேடா இருக்கற எடத்துல மட்டும் நீலம் ஒட்டியிருக்கு, அந்தப் புள்ளிய மட்டும் சுரண்டறாரு, மறுபடி மை, மறுபடி வெச்சு எடுக்கறது. நீலம் எல்லா எடத்துலயும் பரவலா ஒட்டற வரைக்கும் இதேதான். சுரண்டற கருவி கடையில வாங்கினதில்ல, பழைய முப்பட்ட அரத்த பல்லு போக தீட்டி அவரே பண்ணது. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன், "இன்னிக்கு முடியாது"ன்னாரு, அதுல ஒரு வருத்தமும் இல்ல. எந்த ஊருன்னு கேட்டாரு, திருச்சி பொன்மலைன்னதும், "ஓ, கோல்டன் ராக்கா!"ன்னு ஸ்க்ரேப்பர கீழ வெச்சுட்டாரு. அப்புறம் எங்க பேச்சு நின்னாத்தானே, எங்க வீட்டம்மா ரெண்டாவது தடவ வந்து கூப்ட்டப்பதான் ரயில் கிளம்பப் போறதே தெரிஞ்சுது.

இந்த ஹாபில பணத்த விட பொறுமதான் செலவாகும்னு நினைக்கறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைன்னு ஒண்ணு கிடையாது, உடைஞ்சது வேணும்னா மரத்துல பேட்டர்ன் செஞ்சு வார்த்து கடைஞ்சு எடுக்கணும். நீராவி எஞ்சின்னா இன்னும் மோசம், பிரிட்டன்ல பொதுவா 10 வருஷத்துக்கு ஒரு தடவ பாய்லர இறக்கி, டியூப் எல்லாம் உருவி, தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து, தண்ணி பிரஷர்லயும் அப்புறம் நீராவிலயும் சோதிச்சாத்தான் மறுபடி ஓட்ட முடியும், வருஷா வருஷம் நடக்கற பரிசோதனை தனி. அதனால உங்களுக்குப் புடிச்ச எஞ்சின் நீங்க போற அன்னிக்கு பிரிச்சுப் போட்டு கிடக்கலாம். அதுக்கு கோவிச்சுக்கக் கூடாது, பிரிச்சுப் போட்டதுதான் பாக்கறதுக்கே நல்லாருக்கும்.

நம்ம ஆளுங்க கண்டிப்பா தேட வேண்டியது ரெண்டு எஞ்சின். ரிஷ்ராங்கற பேர பாத்ததும் இது எங்கயோ கேட்ட ஊராச்சேன்னு தோணும், ஹூக்ளி கரையில இருக்கற ஊருதான். 1921ல பேக்லி கம்பெனி பண்ணின சின்ன டேங்க் எஞ்சின் (தண்ணித் தொட்டி எஞ்சின் மேலயே இருக்கும்), கல்கத்தாவுக்கு தண்ணி குடுக்கற பல்தா பம்பிங் ஸ்டேஷன்ல உழைச்சுட்டு இங்க வந்துருக்கு. இன்னொண்ணு 778, அமெரிக்காவுல பால்ட்வின் கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்காக போர் நேரத்துல 495 எஞ்சின் செஞ்சுது, அதுல ஒண்ணு. போர் முடிஞ்சு இந்தியாவுக்கு வந்து உத்தரப் பிரதேசத்துல கரும்பாலையில வேல பாத்துட்டு, துருவோட இங்க வந்து சேந்ததை பல வருஷம் உக்காந்து உயிர் குடுத்துருக்காங்க. நம்ம ஊருல கரும்பு இழுத்த எஞ்சினுங்க எத்தனையோ பழைய இரும்புக் கடைக்கு கிலோ கணக்குல போயிருக்கு, 778 முன்னாடி நிக்கறப்ப சந்தோஷமும் வயித்தெரிச்சலும் சேந்தே வந்துச்சு, மறைக்கல.

மார்க் போடணும்னா சவாரிக்கு 5க்கு மூணு, ஷெட்டுக்கு 5க்கு ஆறு. ரொம்ப சின்னப் பசங்க விசிலுக்கே திருப்தி ஆயிடும், பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்கள ஏதாவது வேல நடக்கற எடத்துல நிறுத்துங்க, மணிய மறந்துடுவாங்க. டீசல் எஞ்சின் இழுக்கற ரயில்னு தெரிஞ்சா அய்யோன்னு திரும்பிடாதீங்க, இந்த லைனோட அசல் சத்தமே நீராவி இல்ல, இந்த மாதிரி எஞ்சின் சத்தம்தான். கூட வர்றவங்களுக்கு இதுல ஆர்வம் இல்லன்னா டீ, கேக்குக்கு காசு குடுத்து உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் ஷெட்டு பக்கம் போயிடுங்க, எல்லாருக்கும் நிம்மதி. நீராவி எஞ்சின் இழுக்கற அன்னிக்கு எஞ்சின ஒட்டின பெட்டியில ஏறினா கரித்தூள் கண்ணுல சட்டையிலன்னு விழும், வெளிர் கலர் துணி வேண்டாம்.