சிப்பியில் பாசி நஞ்சா, உலோகமா: எதற்கு அதிகம் பயப்படலாம்?

சிப்பி, மட்டி என்றாலே "கடல் கெட்டுப்போச்சு, சாப்பிடாதே" என்பவர்கள் இரண்டு வேறு ஆபத்துகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஒன்று நுண்பாசி உண்டாக்கும் நஞ்சு. மற்றது ஆலைக் கழிவிலிருந்து வரும் உலோகம்.

இரண்டுமே சிப்பிக்குள் போவது அது நீரை இழுத்து வடிகட்டும்போதுதான். வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஓரிரு லிட்டர் நீரையாவது செவுள் வழியே விட்டு, மிதக்கும் பாசியைப் பிடித்துத் தின்னும். பாசி நஞ்சு இந்த இரையோடு வருகிறது. உலோகம் இரையோடும் வரும், நீரில் கரைந்து நேராகச் செவுள் வழியாகவும் வரும். அதற்கு அப்புறம் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பாசி நஞ்சு திடீரென ஏறும். பாசி பெருகிய சில நாட்களிலேயே நேற்றுவரை நன்றாக இருந்த சிப்பி ஆளைக் கொல்லும் அளவுக்குப் போய்விடும். 1981இல் கல்பாக்கத்துக்குப் பக்கத்து வாயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் பழுப்புச் சிப்பி 7 உயிர்களைக் கொண்டுபோனது. சாக்ஸிடாக்ஸின் என்ற இந்த நஞ்சுக்கு நிறமோ வாடையோ கிடையாது. வேகவைத்தாலும் அழியாது, ஒரு பங்கு சாற்றில் இறங்கும், நாம்தான் குழம்பையும் ஊற்றிச் சாப்பிடுகிறோமே!

உலோகம் மெதுவாகச் சேர்வது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் பாதரசம் கலந்த மீனையும் சிப்பியையும் தின்றவர்களின் நோய் 1956இல் பதிவானது. ஆலை கழிவை நிறுத்தியதோ 1968இல். சிப்பியில் சேர்ந்த உலோகம் பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. விதிவிலக்கு தைவானின் எர்ரென் ஆற்று முகத்துவாரம்: பழைய உலோகக் கழிவை அமிலத்தில் கழுவிய பட்டறைகளின் தாமிரத்தால் 1986இல் அங்கே ஆளிகள் (ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பி வகை) பச்சை நிறமாகவே மாறின.

வரம்புகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஐரோப்பிய விதிப்படி ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் சாக்ஸிடாக்ஸின் 0.8 மில்லிகிராம் வரை இருக்கலாம், காட்மியம் என்ற உலோகம் 1 மில்லிகிராம் வரை. எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவது பல மடங்கு மீறினால் அரை மணி நேரத்தில் உதடு மரத்துப்போகும், பிறகு மூச்சுத் தசைகள் நின்றுவிடலாம். காட்மியமோ சத்தமில்லாமல் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்து பத்து, முப்பது ஆண்டுகள் கிடக்கும்.

வெளியேறும் கதையில்தான் எந்தச் சிப்பி என்பது முக்கியமாகிறது. பாறையில் ஒட்டி வளரும் சிப்பி சில வாரங்களில் பாசி நஞ்சைக் கழித்துவிடும்; அலாஸ்கா பக்கத்து வெண்ணெய் மட்டியோ இரண்டு ஆண்டுகள்வரை வைத்திருக்கும். உலோகத்திலும் இதே பேதம் உண்டு. பாறையில் ஒட்டும் சிப்பி துத்தநாகத்தை ஓரளவு கட்டுக்குள் வைக்கும். அதே நீரில் வளரும் ஆளி அள்ளிச் சேர்த்துக்கொள்ளும். காட்மியத்தையோ இரண்டுமே ஒரு புரதத்தோடு பிணைத்து அப்படியே தங்கவைக்கும். சுத்த நீரில் இரண்டு நாள் போட்டுவைத்தால் கிருமி குறையும், சரி. பாசி நஞ்சுக்கும் உலோகத்துக்கும் அதை நம்பியிருக்க முடியாது.

எப்போதாவது ஒரு தட்டுச் சிப்பி சாப்பிடுபவர் பயப்பட வேண்டியது பாசிக்குத்தான். ஒரே ஆலைக் கழிமுகத்தில் பிடித்து வாராவாரம் சமைக்கும் குடும்பத்துக்கு உலோகம்தான் பெரிய கவலை. அரசு கையில் காசு குறைவு என்றால், முதல் ரூபாய் பாசிச் சோதனைக்குப் போகவேண்டும் என்பேன். உலோகத்துக்கு வருடத்தில் சில மாதிரிகள் போதும், அளவு மெல்லத்தான் மாறும். பாசிக்குப் பருவத்தில் வாராவாரம் மாதிரி எடுத்து, மீறினால் அன்றே அறுவடையை நிறுத்தவேண்டும்.

சாப்பிட்டதும் உதடோ விரல் நுனியோ மரத்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் செயற்கை சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து கிடையாது; முதல் நாள் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.