டிக்கிக் கதவில் இரண்டு சைக்கிள்கள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காரின் டிக்கிக் கதவில் பெல்ட்டுகளால் இழுத்துக் கட்டும் வகையைச் சேர்ந்த சைக்கிள் கேரியர் ஒன்றை 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாங்கினேன். அன்று முதல் மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ அதில் என் சைக்கிளையும் மகளின் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பயணம் செய்து வருகிறேன். வீடு மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறது. வாசலிலிருந்தே தேனி சாலையில் குழந்தையோடு சைக்கிள் மிதிக்கும் துணிவு எனக்கு இல்லை. அதனால் வைகை அணை, கம்பம் பள்ளத்தாக்கு, சில நேரம் தனுஷ்கோடி என்று காரில் போய், அங்குள்ள அமைதியான சாலைகளில் இறங்கி ஓட்டுவது எங்கள் வழக்கம். வாங்கியபோது என் சைக்கிள் 14.5 கிலோ, மகளுடையது 11 கிலோ. கேரியரின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் தாங்கு எடை 30 கிலோ.

கூரையின் மேல் பொருத்தும் வகையை நான் தவிர்த்ததற்குக் காரணம் எளியது. ஒற்றை ஆளாக 14 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது எனக்குச் சிரமம். தாழ்வான போர்டிகோவுக்குள் மறதியாக வண்டியை விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கக் கேரியரைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, அது எவ்வளவு எடை தாங்கும் என்பதைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் பயணத்திலேயே என் கவலை இடம் மாறியது. வீட்டில் பெல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தேன். உசிலம்பட்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பின்னால் "தடக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், இடது பக்கப் பெல்ட் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்து, மேல் கொக்கி கதவின் விளிம்பிலிருந்து பாதி நழுவியிருந்தது. இன்னும் இரண்டு வேகத்தடைகளைத் தாண்டியிருந்தால் சைக்கிள் சாலையில் கிடந்திருக்கும். எங்களுக்குப் பின்னால் ஓர் இருசக்கர வாகனத்தில் கணவன், மனைவி, கைக்குழந்தை என்று மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

பெல்ட் தளர்ந்ததற்குக் காரணம் நான் இறுக்காததல்ல. புதிதாகக் கட்டிய கேரியரின் ரப்பர் பாதங்கள் முதல் சில கிலோமீட்டர் அதிர்விலேயே சற்று அமுங்கி உட்காருகின்றன. கொக்கிகள் கதவு இடுக்கில் தங்களுக்கான இடத்தைத் தேடிக்கொள்கின்றன. நைலான் நாடாவும் கொஞ்சம் நீள்கிறது. மூன்றும் சேர்ந்தால் வீட்டில் இருந்த இறுக்கத்தில் கணிசமான பகுதி காணாமல் போய்விடும். அதனால் அன்று முதல் செக்கானூரணியில் வண்டியை நிறுத்தாமல் நாங்கள் போனதே இல்லை. வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த ஊரில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நான்கு பெல்ட்டுகளையும் மறுபடி இழுத்து, மீதி நாடாவை முடிச்சிட்டு, சைக்கிளை இரு கைகளாலும் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். சைக்கிளை உலுக்கும்போது காரும் சேர்ந்து அசைய வேண்டும். சைக்கிள் மட்டும் தனியாக அசைந்தால் கட்டு சரியில்லை என்று பொருள். இந்த இரண்டாவது இறுக்கத்துக்குப் பிறகு பெல்ட்டுகள் ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டித் தேனி வரை போனாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பிக்கும் இதே பாடம் வேறு வடிவத்தில் கிடைத்தது. அவர் குடும்பத்தோடு முகாமுக்குப் போவதற்காக, வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கிக்கொள்ளக்கூடிய டிராவல் டிரெய்லர் ஒன்றை வைத்திருக்கிறார். அந்த ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பின் பம்பர் என்பது 4 அங்குலச் சதுரக் குழாய்தான். மெல்லிய தகட்டால் ஆன அதற்குள் கழிவுநீர்க் குழாயைச் செருகி வைத்துக்கொள்வார்கள். பார்வைக்கு உறுதியாகத் தெரிந்ததால் தம்பி அதிலேயே நான்கு சைக்கிள்களுக்கான கேரியரை மாட்டினார். சில பயணங்களுக்குப் பிறகு, பம்பரும் டிரெய்லரின் அடிச்சட்டமான சேசிஸும் சேரும் வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. அசையாமல் நிற்கும்போது அந்த எடையைச் சுமந்த பம்பர், ஓட்டத்தில் ஏற்பட்ட குதிப்பைத் தாங்கவில்லை.

இதன் கணக்கு சீசா பலகையை நினைத்தால் புரியும். சக்கர அச்சுக்கு எவ்வளவு தொலைவில் பாரம் தொங்குகிறதோ, அவ்வளவுக்கு அதன் ஏற்ற இறக்கமும் பெரிதாகும். என் சிறிய காரில் பின் அச்சிலிருந்து சைக்கிள்கள் சுமார் 1.1 மீட்டர் தள்ளி நிற்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். ஆகவே கேரியரோடு சேர்த்து 30 கிலோ தொங்கினால் பின் அச்சின் மேல் ஏறுவது ஏறத்தாழ 44 கிலோ. முன் அச்சிலிருந்து 14 கிலோ குறைந்துவிடும். டிரெய்லரிலோ அச்சுக்குப் பின்னால் மூன்று மீட்டருக்கு மேல் வால் நீண்டிருக்கும். அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் முன்பக்க இழுவைக் கொக்கியை மேலே தூக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அந்தக் கொக்கியின் மேல் அமர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். தம்பி இப்போது சேசிஸிலேயே கேரியரைச் செருகும் இழுவைக் குழாய் வைத்து, டிரெய்லரில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே அனுமதித்த கேரியரைப் பொருத்தி, இரண்டு சைக்கிள்களோடு நிறுத்திக்கொள்கிறார். காருக்கு என்று விற்கப்படும் கேரியரை டிரெய்லரில் மாட்டாதீர்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது முற்றிலும் சரி.

இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரில் இறங்கிச் சைக்கிளைக் கீழே வைத்தபோது ரப்பர் கருகிய வாடை அடித்தது. என் சைக்கிளின் பின் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு சாண் தொலைவில் தொங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு இளகிப் பளபளத்தது. டியூப் வெடிக்காதது அதிர்ஷ்டம். இப்போது சைலன்சர் இல்லாத பக்கமாகப் பெரிய சைக்கிளின் சக்கரம் வருமாறு திருப்பி, கேரியரின் கைகளை ஒரு பல் மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவெண் பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரிய வேண்டும். சைக்கிள்கள் உயர்ந்து நிற்பதால் எண் பலகையும் சிவப்பு விளக்குகளும் மறைவதில்லை. பின் கண்ணாடி வழியே பார்ப்பதுதான் கெடும். அதனால் இருட்டிய பிறகு சைக்கிள்களோடு ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

நீண்ட காலப் பயன்பாட்டில் முதலில் தளர்ந்து போவது பெல்ட்டுகளே. மதுரை வெயிலில் மூன்றாவது ஆண்டே கறுப்பு நாடா சாம்பல் நிறத்துக்கு வெளுத்து, தொட்டால் சொரசொரத்தது. தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். நாடாவை விரலில் சுற்றி முறுக்கி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். நூல் பொடியாக உதிர்ந்தது. "பெல்ட்டு இன்னும் கொஞ்ச நாளு ஓடும் தம்பி, நூலுதான் செத்துப்போச்சு" என்றார். நான் நாடாவை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன். கொக்கியைப் பிடித்திருந்த அந்த ஒன்றரை அங்குலத் தையலை ஒரு நாளும் பார்த்ததில்லை. லாரிப் பாரம் கட்டும் பாலியஸ்டர் நாடாவை வாங்கிக் கொடுத்து, பழைய கொக்கிகளையே வைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலாகத் தைத்து வாங்கினேன். நைலான் நனைந்தால் நீளும்; பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது என்பதால் மழைக்காலத்திலும் இந்தப் பெல்ட்டுகள் இறுக்கம் விடாமல் இருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் கேரியரைக் கழற்றி நிழலில் மாட்டிவைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

காரின் பெயின்ட் தேய்வதற்கு ரப்பர் பாதங்களை எல்லோரும் குறை சொல்கிறார்கள். தேய்ப்பது அவற்றின் அடியில் சிக்கும் மண்தூசிதான். கட்டுவதற்கு முன் கதவை ஈரத்துணியால் துடைத்தால் பாதி பிரச்சினை தீரும். இரண்டு சைக்கிள்களும் ஒன்றையொன்று உரசாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சட்டங்களில் சுற்றுகிறேன்; சக்கரங்கள் காற்றில் சுழலாமல் கட்டவும் அதே டியூப் போதும். ஆனால் பாரத்தைத் தாங்கும் கட்டாக அதை ஒருபோதும் நம்பக்கூடாது. அதன் குணமே நீள்வதுதான். தனுஷ்கோடிக்குப் போய் வந்தால் மறுநாளே கேரியரையும் சைக்கிள்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, நட்டுகளுக்கு கிரீஸ் தடவ வேண்டும். ஒரு முறை ஒரு வாரம் தள்ளிப்போட்டதில், கைகளை மடக்கும் போல்ட் துருப்பிடித்து இறுகி, சுத்தியலால் தட்டித்தான் கழற்ற முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு கேரியரின் இரும்புச் சட்டத்தில் வளைவோ விரிசலோ இல்லை. மாறியது நாங்கள்தான். மகள் வளர்ந்துவிட்டாள், சென்ற ஆண்டு வாங்கிய அவளுடைய கியர் சைக்கிள் 16 கிலோ. என்னுடையதோடு சேர்த்தால் 30.5 கிலோ, அதாவது எல்லைக்கு அரை கிலோ மேல். அரை கிலோதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை. அந்த 30 கிலோவும் சமதளச் சாலைக்கான எண்ணாகவே எனக்குத் தோன்றுகிறது. இப்போது கிளம்புமுன் இரண்டு சைக்கிள்களின் முன் சக்கரங்களையும் கழற்றிப் பின் இருக்கையில் ஒரு பழைய போர்வையின் மேல் படுக்க வைக்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் இருக்கும். தொங்கும் எடை 27 கிலோவுக்குள் வந்துவிடுகிறது. காரின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த டயரும் இல்லை. செக்கானூரணியில் பெல்ட்டுகளை இறுக்குவது இப்போது மகளின் வேலை. அவள் இறுக்கிய பிறகு நான் ஒரு முறை உலுக்கிப் பார்க்கிறேன்.