இராணுவக் கம்பி ஏரியலோடு சிற்றலை: சில வருட அனுபவம்

பிரிட்டிஷ் இராணுவம் கழித்துக்கட்டிய கம்பி ஏரியல்களைச் சில வருடங்களாகச் சிற்றலை கேட்பதற்குப் பயன்படுத்தி வருகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் வானொலி நண்பர்கள் "வாங்கலாமா, காசுக்குத் தகுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்தில் நிரந்தரமாகக் கட்டிவைக்க இது தேவையே இல்லை. அதே நீளத்தில் சாதாரணச் செம்புக் கம்பி என்ன சிக்னல் தருமோ அதையேதான் இதுவும் தரும். இராணுவப் பொருள் என்பதற்காக நிலையங்கள் கூடுதலாக வந்து விழாது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்ப வேண்டும்.

வெளியே போக வேண்டிய காரணம் என் தெருவின் தொலைபேசிக் கம்பிகள். இங்கே பல தெருக்களில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்தக் கம்பி வழியாகத்தான் விடிஎஸ்எல் இணையமும் வருகிறது. அது 17 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் சிற்றலை முழுவதையும் தனக்காக எடுத்துக்கொள்கிறது. அந்த இரட்டைக் கம்பியின் இரு இழைகளும் மின்னளவில் சமநிலையில் இல்லாவிட்டால் அதுவே இரைச்சலைப் பரப்பும் ஏரியலாகிவிடும். அதிலும் 8.5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டு மோடம் தகவலை வெளியே அனுப்பும் பகுதி. மோடம் நம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கேதான் இரைச்சல் கடுமை. 31 மீட்டர், 25 மீட்டர் ஆகிய இரண்டு அருமையான ஒலிபரப்புப் பட்டைகளும் கிட்டத்தட்ட முழுவதுமாக அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. வீட்டில் எவ்வளவு நீளக் கம்பி கட்டினாலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். ஊருக்கு வெளியே ஒரு வயல் ஓரத்துக்குப் போய்விட்டால் அந்தப் பட்டைகள் மீண்டும் உயிர்பெறுகின்றன.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, கிளான்ஸ்மன் என்ற இராணுவ வானொலி வரிசைக் கருவிகளுக்கான டைபோல் தொகுதி. டைபோல் என்பது நடுவில் கேபிள் சேர்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பிக் கை நீளும் ஏரியல். கிளான்ஸ்மன் 1970களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தது. அதில் பிஆர்சி-320 என்ற முதுகுப்பைக் கருவிதான் சிற்றலைக்கானது. 2000களில் பௌமன் என்ற புது வரிசை வந்ததும் பழையது மொத்தமாக உபரிச் சந்தைக்கு வந்தது. வானொலி ஆர்வலர்களின் வாரயிறுதிச் சந்தைகளில் இன்றும் கிடைக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரீல்தான். வேண்டிய நீளத்துக்கு மட்டும் கம்பியை அவிழ்த்து, ரீலிலேயே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்திவிடலாம். நீளக் கணக்கு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 9.6 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கை ஏறக்குறைய ஏழரை மீட்டர். 6 மெகாஹெர்ட்ஸுக்குப் பன்னிரண்டு மீட்டர். அந்தந்த இடத்தில் நிற டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், அரையிருட்டிலும் தெரியும். கேட்பதற்கு மட்டும் என்றால் அரை மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை.

கட்டுவதற்கு ஒரே ஒரு மரக்கிளை போதும். நூலில் எடை கட்டி மேலே எறிந்து, நடுப்பகுதியை ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் சரிவாகத் தரைப்பக்கம் கட்டிவிடுவேன். பிளாஸ்க்கில் ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் நிலையம் கேட்கத் தொடங்கிவிடும். கம்பியை வடக்கு தெற்காக ஓட்டுவது என் வழக்கம். இங்கிருந்து இலங்கை, பெருவட்டப் பாதையில் (பூமியின் மேல் மிகக் குறுகிய வழியில்) ஏறக்குறைய நேர் கிழக்கே வருகிறது. டைபோல் தன் பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். இவ்வளவு தாழ்வாகக் கட்டும்போது திசை வேறுபாடு பெரிதாக இருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் திருகோணமலையிலிருந்து 11905 கிலோஹெர்ட்ஸில் வந்த இலங்கை வானொலியின் இந்திச் சேவையைப் பின்னிரவில் வயல் ஓரத்தில் தெளிவாகக் கேட்டிருக்கிறேன். 1984 முதல் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே வானொலி நடத்திய மறுஒலிபரப்பு நிலையம் அது. 2013-இல் இலங்கையிடம் வந்தது. வீட்டில் அதே அலைவரிசையில் வெறும் சீறல்தான். 9420-இல் வாய்ஸ் ஆஃப் கிரீஸ் எங்கிருந்தும் கேட்கும், அதை வைத்து ஏரியலை எடைபோட வேண்டாம். 5505-இல் ஷானன் விமான வானிலை அறிக்கை, ஏரியலைக் கட்டி முடித்ததும் எல்லா இணைப்பும் சரியா என்று பார்க்க உதவும்.

இரண்டாவது, டி10 எனப்படும் களத் தொலைபேசிக் கம்பி. முறுக்கிய இரட்டைக் கம்பி; ஒவ்வொன்றிலும் செம்பு இழைகளோடு எஃகு இழைகளும் உண்டு. எஃகு இருப்பதால் இழுத்தால் நீளாது, எளிதில் அறாது. விலையும் குறைவு. முனையில் முறுக்கைப் பிரித்து இரண்டு பக்கமும் விரித்தால் அதுவே டைபோல், பிரிக்காத மிச்சமே ரேடியோ வரைக்கும் வரும் கேபிள். தனி இணைப்பே வேண்டாம். மழையில் நனைந்தால் இழப்பு கூடுவது கவனிக்கும்படி இருக்கும்.

ஆனால் கையாளச் சற்றுப் பிடிவாதமான கம்பி இது. சுருளிலிருந்து விட்டதும் துள்ளி எழும், குளிரில் இன்னும் விறைக்கும். மேலுறையைச் சீவும்போது எஃகு இழை விரல் நுனியில் ஊசிபோல் ஏறும். சாதாரண ஈயப்பற்று செம்பில் பிடிக்கும், எஃகில் ஒட்டாமல் உருண்டோடும். அதனால் முனைகளைப் பற்றவைப்பதை விட்டுவிட்டு இறுக்கிப் பிடிக்கும் லக் (உலோக முனைப்பிடி) போடுகிறேன். வெட்டிய முனையைத் திறந்து விட்டால் ஈரம் உள்ளே போய் எஃகு துருவேறும். சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள குழாய் போட்டு மூடுவது அவசியம்.

ரேடியோ டெக்சன் பிஎல்-660. கிளான்ஸ்மன் கேபிளின் பிஎன்சி வகை இணைப்பு முனைக்கும் ரேடியோவின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கும் நடுவே இரண்டையும் பொருத்தும் சிறிய இணைப்புக் கம்பி ஒன்று போதும். மாலை நேரத்தில் நீண்ட கம்பியை அப்படியே செருகினால் வலுவான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இல்லாத இடத்திலும் கேட்கும். அப்போது பக்கவாட்டு விசையை உணர்திறனைக் குறைக்கும் லோக்கல் நிலைக்குத் தள்ளினால் பட்டை சுத்தமாகிவிடும். இதே காரணத்தால்தான் கண்டபடி நீட்டிய கம்பியைவிட அளவாக வெட்டிய டைபோல் சிறிய ரேடியோவுக்கு நல்லது என்கிறேன். தொலைவில் இடி கேட்டாலும் உடனே கழற்றிச் சுற்றிவிடுங்கள்; செருகுமுன் கம்பி முனையைத் தரையில் தொட்டு நிலைமின்னை வடியவிடுங்கள்.

வாங்கும்போது மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒருமுறை நான் பார்த்த தொகுதியில் பையும் ரீலும் புத்தம் புதிதாக இருந்தன, நடு இணைப்பின் உள்ளே தொடர்பே இல்லை. ரீலின் அடிச்சுற்று வரைக்கும் பிரித்துப் பார்த்து, மேலுறையில் வெடிப்பு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கையில் காசு குறைவென்றால் ஐம்பது மீட்டர் டி10 மட்டும் போதும்.