'நினைவாற்றல் ஒலி அலை' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொதுத்தேர்வும் நீட்டும் நெருங்கினால் போதும், பெற்றவர்களின் வாட்ஸ்அப்பைக் குறிவைத்து ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. இந்த முறை அவர்கள் கையில் எடுத்திருப்பது 'பைனாரல் பீட்ஸ்', அதாவது இரண்டு காதுக்கும் சற்றே வேறான ஒலியைக் கொடுக்கும் உத்தி. அதைக் கேட்டால் ஞாபகசக்தி கூடும் என்று விற்கிறார்கள். மதுரையில் இருக்கும் என் அக்கா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக 7,500 ரூபாய் கட்டிவிட்டாள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள், விற்கிற விதம் மாறாது.

முதலில் ஒரு இலவச ஜூம் கூட்டம். கோட் போட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். அதில் பாதி உண்மைதான், அதுதான் வம்பே. ஹைன்ரிக் டோவ என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1839இல் இதைக் கண்டறிந்தார் என்கிறார், சரி. இடது காதில் 200 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 200 அதிர்வு), வலது காதில் 206 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகக் கொடுத்தால், விநாடிக்கு ஆறு முறை ஏறி இறங்கும் ஓர் அதிர்வு தலைக்குள் கேட்பதுபோல் இருக்கும் என்கிறார், அதுவும் சரி. அந்த ஆறு வெளியே காற்றில் கிடையாது. இரண்டு காதுகளின் நரம்புச் சைகைகளும் மூளைத்தண்டில் சந்திக்கிற இடத்தில்தான் அது உருவாகிறது. இதுவரைக்கும் யாரும் மறுக்க முடியாது. அடுத்த ஸ்லைடிலேயே, "இதைக் கேட்டால் மூளை தீட்டா அலைக்கு மாறும், படித்தது அப்படியே பதியும், நூறு மதிப்பெண் உறுதி" என்று தாவிவிடுகிறார். (தீட்டா என்பது மூளையின் மெதுவான மின் அலைகளில் ஒன்று.) கூட்டம் முடிந்த கையோடு போன் வருகிறது: "இன்னும் ரெண்டு சீட்தான் மேடம் இருக்கு."

பணம் கட்டியதும் ஒரு ஆப், ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். ராத்திரி முழுக்க அறையில் ஓடவிட வேண்டுமாம். ஸ்பீக்கரைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிசெய்து பிழைப்பவன் நான். பைனாரல் என்றால் இரண்டு ஒலியும் காதுவரை கலக்காமல் போக வேண்டும். அதற்கு ஹெட்போன் இல்லாமல் ஆகாது. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும், சொன்ன தத்துவம் அங்கேயே காலி.

கேட்டேன். "அப்போ ஹெட்போன்ல போடுங்க சார், எஃபெக்ட் இன்னும் நல்லா இருக்கும்" என்றார்கள்.

சரி என்று கோப்புகளை ஆடாசிட்டியில் திறந்தேன். ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருள்தான், யாரும் செய்து பார்க்கலாம். இடது, வலது இரண்டு தடங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. கண்ணை நம்பாமல், ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தேன். இரண்டுக்கும் துளி வித்தியாசம் இருந்திருந்தாலும் மிச்சமாக ஏதாவது கேட்டிருக்கும். திரையில் ஒரே நேர்கோடு, சத்தமே இல்லை. ஹெட்போனில் கேட்டாலும் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும், பைனாரல் என்று அதில் எதுவுமே கிடையாது. புல்லாங்குழல், மழைச் சத்தம், அடியில் 528 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். இதில் உச்சம், 'கணிதம்' என்ற கோப்பும் 'உயிரியல்' என்ற கோப்பும் ஒன்றே. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

528 டிஎன்ஏவைச் சரிசெய்யும் என்று அந்த ஸ்லைடில் இருந்தது. 1970களில் அமெரிக்கர் ஒருவர் பைபிளின் எண்ணாகமத்தில் வசன எண்களைக் கூட்டிப் பிடித்த வரிசையில் வருகிற எண் அது. மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோப்பு ஒழுங்காகவே இருந்திருந்தால் வேலை செய்திருக்குமா? அறுவை சிகிச்சைக்கு முன் வரும் பதற்றம் குறைவதாக 2005இல் ஒரு ஆய்வு வந்தது, அந்த வகையில் இன்னும் சில உண்டு. ஆனால் மூளை அலை இந்தத் தாளத்துக்கு இழுபடுகிறதா என்று 14 ஆய்வுகளை 2023இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஆம் என்றவை 5, இல்லை என்றவை 8, இரண்டுங்கெட்டான் ஒன்று. அதே ஆண்டு போலந்து ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் பேரை வீட்டிலேயே கேட்கவைத்துச் சோதித்தார்கள். கேட்டவர்களின் மதிப்பெண் கூடவில்லை, குறைந்தது. 'நூறு உறுதி' என்று சொல்ல இதில் எங்கே இடம் இருக்கிறது?

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். என்னை இதை எழுத வைத்தது வேறு. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஓர் அம்மா, தன் பையனுக்கு வலிப்பு உண்டு, அவனுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்: "தாராளமா குடுக்கலாம்மா, கூடவே எங்க லைட் கண்ணாடியையும் போடுங்க." ஒலியோடு சேர்ந்து விளக்கு மின்னும் கண்ணாடி அது. வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சமே வலிப்பைக் கிளப்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டாலும் இமை வழியே வெளிச்சம் போகும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் ஒளிபரப்பில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அக்காவை அந்த அம்மாவுக்குத் தனியாகப் போன் செய்யச் சொன்னேன். நல்லவேளை, கண்ணாடி இன்னும் வாங்கியிருக்கவில்லை. நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாட்டிவிடாதீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். குழுவில் அதையே பதிவாகப் போட்டதும் அவளை நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. ஹெட்போனில் சத்தமாக வைத்துத் தூங்கிய அக்கா மகள், "காதுக்குள்ள கொய்ங்குன்னு கேட்குது மாமா, தூக்கமும் போச்சு" என்றாள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ஒரே வாரத்தில் அதைத் தாண்டிவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "டிஜிட்டல் புராடக்ட், ரீஃபண்ட் கிடையாது. நீங்க நம்பிக்கை இல்லாம கேட்டா எப்படி சார் வேலை செய்யும்?" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். ஜூம் கூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, தடங்கள் ஒன்றே என்று காட்டும் படம், மூன்றையும் இணைத்தோம். அதன்பிறகு பாதிப் பணம் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இப்போதே ஒன்று செய்யுங்கள். பதிவு செய்யும்போதே மாதச் சந்தாவுக்கு ஆட்டோபே ஒப்புதல் (கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க அனுமதி) வாங்கிவிடுகிறார்கள். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் ஆப்பை போனிலிருந்து நீக்கினால் பிடித்தம் நிற்காது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள். முடியவில்லை என்றால் வங்கியில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.