சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பதற்காக மனைவிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பாதீர்கள்

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, மனைவியையோ கணவரையோ கம்பெனி இன்சூரன்ஸில் சேர்க்கப்போகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

ஒரு கன்சல்டன்சியில் நடந்தது. ஊரில் கல்யாணம் முடிந்து திரும்பியவர் போர்ட்டலில் மனைவியைச் சேர்த்தார். அடுத்த சம்பளத்திலிருந்தே 250 டாலர் கூடுதலாகப் பிடித்தார்கள். சில மாதம் கழித்து எமர்ஜென்சிக்குப் போனால், அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. கல்யாணச் சான்றிதழ் கேட்டு வந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்திருக்கிறது, விண்ணப்பம் 'பெண்டிங்'கிலேயே நின்றுவிட்டது. எச்ஆரிடம் கேட்டதற்கு, "கெடு முடிந்துவிட்டது, அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட்டில் பார்க்கலாம்" என்று பதில். அதாவது, ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் திறக்கும் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். பிடித்த பணத்தை வாங்கவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பணம் பிடிப்பது பேரோல், அதாவது கம்பெனியின் சம்பளப் பிரிவு. ஆளைச் சேர்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. யாரைச் சேர்க்கவேண்டும் என்ற விவரத்தோடு நடுவில் 834 என்ற மின்கோப்பு ஒன்று போகிறது. பிறந்த தேதியோ பெயரோ பொருந்தாவிட்டால் அவருடைய பதிவு நிராகரிக்கப்படும், பேரோலுக்கு அது தெரியவே தெரியாது. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) வந்தவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவைக்காதீர்கள். எண் இல்லாமலே சேர்க்க வழி கேளுங்கள். இதைவிட மோசமான முதலாளிகளும் உண்டு: பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டாமலே விட்டுவிடுவார்கள்.

கல்யாணத்தை வைத்துச் சேர்ப்பதற்குச் சட்டம் உறுதியாகத் தருவது 30 நாள்தான். அது தாலி கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறது, மனைவி விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். விசா ஸ்டாம்பிங் முடிவதற்குள் கெடு போய்விடும். அமெரிக்கா வந்து சேர்ந்ததையும் ஒரு காரணமாக உங்கள் திட்டம் ஏற்குமா என்று கல்யாணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவையுங்கள். ஏற்காது என்றால், அவர் ஊரில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். ஓரிரு மாதப் பிரீமியம் வீண்தான், வருடம் முழுக்க வெளியே நிற்பதற்கு அது தேவலை. கல்யாணப் பத்திரிகையும் மண்டபத்துப் போட்டோவும் சான்றாகாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும், தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு.

சம்பளத்தில் எவ்வளவு குறையும்? தனி ஆளுக்குப் பெரும்பங்கைக் கம்பெனியே கட்டும். குடும்பம் என்றால் அந்தத் தாராளம் குறைந்துவிடும். கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பின் 2024 கணக்கெடுப்பில் ஊழியர் பங்கு சராசரியாகத் தனி ஆளுக்கு ஆண்டுக்கு 1,368 டாலர், குடும்பத்துக்கு 6,296. பிரீமியம் வரிக்கு முன்பே கழிந்தால் அடி கொஞ்சம் குறையும். 22 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 250 டாலர் பிடித்தால், அந்த வரியும் 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சமாகி, கையில் குறைவது சுமார் 176 டாலர்தான். முழு 250-உம் குறைந்தால், பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) அது 'போஸ்ட்-டாக்ஸ்', அதாவது வரிக்குப் பிந்தைய பிடித்தங்களின் பக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 26 சம்பளம் தரும் கம்பெனிகள் சில, 24-இல் மட்டும் பிடிப்பார்கள். மூன்று சம்பளம் வரும் மாதத்தில் ஒருமுறை பிடித்தம் இல்லையே என்று பதற வேண்டாம். விட்டுப்போன பிடித்தத்தை ஒரே சம்பளத்தில் இரட்டிப்பாக எடுப்பதும் நடக்கும்.

மனைவிக்குத் தன் வேலையிலேயே இன்சூரன்ஸ் கிடைக்குமென்றால் 'ஸ்பவுசல் சர்சார்ஜ்' என்று தனியாக ஒரு கூடுதல் கட்டணம் சேரலாம். நீங்கள் எச்எஸ்ஏ (வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) வைத்திருந்து, அவர் தன் கம்பெனியில் சாதாரண ஹெல்த் எஃப்எஸ்ஏ (சம்பளத்தில் வரிக்கு முன்பே மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) போட்டிருந்தால், அந்தக் காலத்துக்கு நீங்கள் எச்எஸ்ஏ-வில் பணம் போடவே தகுதியில்லை. இதை எச்ஆர் தானாகச் சொல்லாது. இன்னொன்று: இன்சூரன்ஸில் சேர்த்ததால் டபிள்யூ-4, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று கம்பெனிக்குத் தரும் படிவம், மாறிவிடாது. அதைத் தனியாக மாற்றவேண்டும். இருவரும் சம்பாதித்தால் அந்தப் படிவத்தின் இரண்டாம் படியை (ஸ்டெப் 2) நிரப்பாமல் 'மேரிட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ஏப்ரலில் வரி பாக்கி நிற்கும்.

சேர்த்த அன்றே உறுதிப்பக்கத்தைப் பிடிஎஃப்பாக எடுத்துவையுங்கள். இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்நுழைந்து மனைவியின் பெயர், பிறந்த தேதி, தொடங்கும் தேதி மூன்றையும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் எச்ஆருக்குப் போன் வேண்டாம், மின்னஞ்சல்தான்.

அப்படியும் நகராவிட்டால் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் ஊழியர் பெனிஃபிட்ஸைக் கவனிக்கும் எப்சா (EBSA) பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. கிளெய்மை நிராகரித்திருந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. எச்-1பி ஊழியருக்கு மட்டும் மற்றவர்களைவிட மட்டமான பெனிஃபிட்ஸ் கொடுத்தால் அது விதிமீறல். தொழிலாளர் துறையின் டபிள்யூஎச்-4 படிவத்தில் (வரிக்கான டபிள்யூ-4 அல்ல) புகார் தரலாம். எங்கே போனாலும், பிடித்தம் தெரியும் எல்லா பே ஸ்டப்பையும் அந்த பிடிஎஃப்பையும் முதலிலேயே இணைத்துவிடுங்கள்.