மருத்துவச் செயலிக்கு என் உறவினர்களின் எண்கள் எதற்கு?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தாயாரின் சர்க்கரை நோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம் என்று நம்பி, பாளையங்கோட்டையில் வசிக்கும் நான் ஒரு தனியார் நிறுவனத்தின் செயலியைச் சென்ற மாதம் என் கைபேசியில் ஏற்றினேன். மற்றவர்களுக்கும் இது நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பதிவு செய்யும்போது, கேமராவுடன் தொடர்புப் பட்டியலுக்கும் செயலி அனுமதி கேட்டது. மறுத்தால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அன்று காலை அம்மாவுக்குச் சர்க்கரை 312 இருந்ததால், அந்தப் பதற்றத்தில் அனுமதித்துவிட்டேன். நீண்ட ஆங்கிலத்தில் இருந்த தனியுரிமைக் கொள்கையைப் பிறகுதான் படித்தேன்; விவரங்களை வணிகக் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று அதன் நடுவே ஒரு வரி இருந்தது.

நான்காம் நாள் அத்தை அழைத்தார். "ஏய்யா, ஒங்க அம்மைக்குச் சர்க்கரை கூடிட்டாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று வருத்தத்தோடு கேட்டார். மருத்துவக் காப்பீடு விற்பதற்காக யாரோ ஒரு பெண் அவரை அழைத்து, "கல்லிடைக்குறிச்சி அத்தைதானே பேசுறது?" என்று தொடங்கியிருக்கிறார். என் கைபேசியில் அவருடைய எண்ணை நான் சேமித்து வைத்திருப்பது அந்தப் பெயரில்தான். மறுநாள், "பைப் மிஸ்திரி" என்று நான் குறித்து வைத்திருந்தவருக்கும் அதே பெயரைச் சொல்லி அழைப்பு வந்தது. அம்மா ஊரில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நோய் இப்படித்தான் வெளியே வந்தது. அந்தச் செயலியைப் பற்றி ஒன்றுமே அறியாத இவர்களின் எண்களைக் கொடுக்க எனக்கே உரிமை இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஏறத்தாழ இதே நிலையை எடுத்துக்காட்டாகவே சொல்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனரும் சம்மதித்தாலும், மருத்துவச் சேவைக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குப் பொருந்தாது. ஆனால் இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் சொன்னது சரியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளே மருத்துவ விவரங்களை உணர்திறன் மிக்கவை என்று வகைப்படுத்துகின்றன. குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இவர்கள் வெளியிட்டிருந்த முகவரிக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. தரவை அழிக்கக் கேட்டதற்கு, ஆதார் நகலை அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை.

கைபேசி அமைப்புகளில் அனுமதியை நீக்கி, செயலியையும் அழித்துவிட்டேன். ஆயினும் அவர்கள் ஏற்கெனவே எடுத்துச் சென்ற பட்டியல் அவர்களிடமேதான் இருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியுள்ளேன். அத்தைக்கும் மிஸ்திரிக்கும் அழைப்பு வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மாதம் முடிந்ததும், தீர்ப்பு அலுவலராகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இவற்றை இணைத்து மனு கொடுக்கப் போகிறேன். இதேபோன்ற அழைப்பு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், பேசியவர் உங்களை எந்தப் பெயர் சொல்லி அழைத்தார் என்பதை மறக்காமல் குறித்து வையுங்கள். யாருடைய கைபேசியிலிருந்து உங்கள் எண் போனது என்பது அந்தப் பெயரிலிருந்தே தெரிந்துவிடும்.